ஆயில் மாற்றியாச்சு, ஸ்பேனர் லைட் மட்டும் போகவில்லை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அபுதாபியில், வண்டி திங்கள்சந்தைப் பக்கம் வீட்டில். 2019 மாடல் பெட்ரோல் கார், ஓட்டுவது அப்பா. போன வாரம் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றி பில்லும் வாங்கியாச்சு. ஆனாலும் சாவி போட்டவுடன் மீட்டரில் ஸ்பேனர் படமும், சர்வீஸ் செய்யச் சொல்லும் எழுத்தும் வந்துகொண்டே இருக்கிறது. அந்த லைட்டை எப்படி அணைப்பது என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், "உண்மையிலேயே ஆயில் மாத்துனாங்களான்னு சந்தேகமா இருக்கு, அப்பாட்ட கேட்டா கோவப்படுதாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நிஜமாகக் கேட்பது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. லைட்டை அணைக்க ஒரு நிமிஷம் போதும். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகாது, அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நானும் தக்கலைப் பக்கம் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன்தான். ஒர்க்‌ஷாப்காரன் ஒர்க்‌ஷாப்காரனுக்குத்தானே பேசுவான் என்று தோன்றினால், அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

அந்த லைட்டுக்கு ஆயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரிதான் இதுவும். போன சர்வீசில் யாரோ ஒருவர் கணக்கைப் பூஜ்யத்தில் வைத்தார். அன்றிலிருந்து கிலோமீட்டரையும் நாளையும் மீட்டர் எண்ணிக்கொண்டே வந்தது. இங்கே ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முந்துகிறதோ அதுதான் கெடு. கெடு வந்ததும் ஸ்பேனர் எரியும். நடுவில் நீங்கள் பத்துத் தடவை ஆயில் மாற்றினாலும், கணக்கைத் திரும்பப் பூஜ்யமாக்கும்வரை அது பாட்டுக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். சில கம்பெனி வண்டிகள் இன்னும் கொஞ்சம் புத்திசாலி. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடானது, எத்தனை தடவை ஆறிய நிலையிலிருந்து ஸ்டார்ட் ஆனது என்றெல்லாம் பார்த்து, ஆயிலின் ஆயுள் இத்தனை சதவீதம் பாக்கி என்று காட்டும். அதுவும் கணக்குத்தான். புது ஆயில் ஊற்றியதை அது தானாகத் தெரிந்துகொள்வதில்லை.

உங்களைப் போல வளைகுடாவில் இருப்பவர்களின் வண்டிகள் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு நிறைய வரும். ஒரு வருடத்தில் 2,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, ஆனால் ஸ்பேனர் எரியும். "ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ் கேக்குது?" என்பார்கள். கிலோமீட்டர் முடியவில்லை, வருடம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

ஆக, லைட் எரிவதை வைத்து ஆயில் மாற்றவில்லை என்று சொல்ல முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதையே திருப்பிப் போட்டாலும் உண்மைதான்: லைட் அணைந்திருப்பதால் ஆயில் மாற்றியாச்சு என்றும் சொல்ல முடியாது. இதை நான் என் கையாலேயே கற்றுக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டீச்சருடைய வண்டி சர்வீசுக்கு வந்தது. அந்த வண்டிக்கான ஆயில் ஃபில்டர் கையில் இல்லை. அதை வாங்கிவர ஒரு பையனை நாகர்கோவிலுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குள் இன்னொரு பையன், சும்மா நிற்பானேன் என்று ஏர் ஃபில்டரை ஊதி மாட்டி, வண்டியைக் கழுவி, மீட்டரில் ஸ்பேனரையும் அணைத்து வைத்துவிட்டான். நான் வேறொரு வண்டிக்கு கிளட்ச் இறக்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் டீச்சர் வந்தார். நான் சாவியைப் போட்டுப் பார்த்தேன், மீட்டர் பளிச்சென்று இருந்தது. பில் எழுதினேன், அவரும் பணம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப்போனார். சாயங்காலம் ஃபில்டர் டப்பாவோடு வந்து இறங்கிய பையன், "ஆசானே, வண்டி எங்க?" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. இரவே அழகியமண்டபத்தில் அவர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லி, வண்டியை வாங்கிவந்து, காலையில் புது ஆயிலோடு கொண்டுபோய் விட்டேன். அவர் சிரித்துவிட்டார், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து என் ஒர்க்‌ஷாப்பில் லைட்டைத் தொடுவதுதான் கடைசி வேலை. ஆயில் அளவு பார்த்து, பானட்டை மூடி, பழைய ஃபில்டரை வண்டிக்காரர் கண்ணில் காட்டிய பிறகுதான் ரீசெட், அதாவது கணக்கைப் பூஜ்யமாக்குவது.

உங்கள் அப்பா போன ஒர்க்‌ஷாப்பில் நடந்தது இதற்கு நேர் எதிராக இருக்கலாம். ஆயிலை ஒழுங்காக மாற்றிவிட்டு ரீசெட்டை மறந்திருப்பார்கள், அல்லது அந்த மாடலுக்கு எப்படி என்று தெரியாமல் விட்டிருப்பார்கள். சின்ன ஒர்க்‌ஷாப்புகளில் இது தினமும் நடப்பதுதான். அதற்காக அவர்கள் நல்லவர்கள் என்று இங்கிருந்து என்னால் சான்றிதழ் தர முடியாது. அதற்கு வண்டியைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் வீடியோ காலிலேயே பாதி பார்த்துவிடலாம்.

அப்பாவிடம் ஆயில் மாற்றினார்களா என்று திரும்பக் கேட்காதீர்கள். ஆயில் அளவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள், கோபம் வராது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். நம்ம ஊரில் இதுவே ஒரு பிரச்சினை. கல்குளம், விளவங்கோடு பக்கம் பாதி வீடுகளுக்கு ரோட்டிலிருந்து ஏறியோ இறங்கியோதான் போக வேண்டும், வண்டி நிற்பதும் அந்தச் சரிவில்தான். அங்கே வைத்து டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தால் அளவு தப்பாகக் காட்டும், உங்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ரோட்டோரமோ கோயில் மைதானமோ, சமமான இடம் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டால் மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, திரும்ப அடிவரை செருகி எடுக்க வேண்டும். முதல் தடவை எடுத்ததைப் பார்க்கக்கூடாது, இரண்டாவது தடவை எடுத்ததுதான் கணக்கு. இரண்டு குறிகளுக்கு நடுவில், மேல் குறியை ஒட்டி இருந்தால் நல்லது. மேல் குறியைத் தாண்டியிருந்தாலும் தப்புதான், தாராளமாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆயில் அதிகமானால் எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு அதைக் கலக்கி நுரையாக்கிவிடும், நுரை எஞ்சினைக் காப்பாற்றாது.

அதே துணியை கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் ஒரு வாரம் ஓடிய புது ஆயில் தேன் நிறத்திலோ இளம் பழுப்பிலோ, துணியின் நூல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். தார் மாதிரி கறுப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அதுவே முடிவான சாட்சி அல்ல. முன்னால் பல வருடம் ஆயில் மாற்றாமல் ஓட்டிய எஞ்சினில் உள்ளே படிந்திருக்கும் அழுக்கு, புது ஆயிலைச் சீக்கிரமே கறுப்பாக்கிவிடும். எஞ்சின் சூடாகாமல் ஆயிலை இறக்கினாலும் பழையது கொஞ்சம் அடியில் தங்கிவிடும். இதைப் படிக்கும் டீசல் வண்டிக்காரர்கள் இந்த நிறப் பரிசோதனையை அப்படியே விட்டுவிடலாம். டீசலில் காலையில் ஊற்றிய ஆயில் சாயங்காலமே கறுத்திருக்கும். அதைப் பார்த்து ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள், என்னிடமே வந்திருக்கிறார்கள்.

நிறத்தைவிட நான் நம்புவது வேறு மூன்று விஷயங்களை. ஒன்று, ஆயில் ஃபில்டர். எஞ்சினின் கீழ்ப்பக்கம் பழத்தை ஒட்டவைத்த மாதிரி ஒரு தகரக் குடுவை இருக்கும். புதிதாக மாட்டியது என்றால் அதில் அச்சடித்த எழுத்து பளிச்சென்று தெரியும், சுற்றியுள்ள பாகமெல்லாம் புழுதியாக இருக்க அது மட்டும் தனியாகத் தெரியும். சில வண்டிகளில் அடியில் மறைப்பு இருப்பதால் வெளியே தெரியாது, அதற்காக அப்பாவை வண்டிக்கு அடியில் படுக்க வைக்காதீர்கள். இரண்டு, பில். "ஆயில் சர்வீஸ்" என்று ஒரே வரியில் தொகை போட்டிருந்தால் அந்த பில்லால் பிரயோசனம் இல்லை. ஆயில் என்ன கிரேடு (எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்), எத்தனை லிட்டர், ஃபில்டர் தனியாக எவ்வளவு, அன்றைய கிலோமீட்டர் என்ன, இதெல்லாம் இருக்க வேண்டும். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று, மூன்றரை லிட்டர் பக்கம்தான் பிடிக்கும். பில்லில் ஐந்து லிட்டர் இருந்தால் மிச்சம் எங்கே என்று கேட்கலாம். மூன்று, ஆயில் டப்பா. காலி டப்பாவையும் பழைய ஃபில்டரையும் கேட்டு வாங்குவது வண்டிக்காரரின் உரிமை, எந்த நல்ல மெக்கானிக்கும் முகம் சுளிக்க மாட்டான்.

எந்த கிரேடு ஊற்றினார்கள் என்பதை மட்டும் பார்வையால் சொல்லவே முடியாது. 0டபிள்யூ-20 கேட்கிற எஞ்சினில் லாரிக்கு ஊற்றுகிற 15டபிள்யூ-40 ஊற்றியிருந்தாலும் துணியில் இரண்டும் ஒரே மாதிரி தேன் நிறம்தான். விரலில் தேய்த்து "நல்ல ஆயில்" என்று தலையாட்டும் பழக்கம் எனக்கும் உண்டு, அது வெறும் பழக்கம்தான். மேனுவலில் உள்ள கிரேடும் பில்லில் உள்ள கிரேடும் ஒன்றா என்று பாருங்கள், அதற்கு மேல் வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

சரி, இப்போது லைட். எரிவது எந்த லைட் என்பதை அப்பாவிடம் ஒரு தடவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சொட்டு விடும் எண்ணெய்க்குடம் மாதிரி சிவப்புப் படம், எஞ்சின் ஓடும்போது எரிந்தால் அது சர்வீஸ் லைட்டே அல்ல, ஆயில் பிரஷர் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நொடியே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். அடுத்த ஜங்ஷனில்தானே ஒர்க்‌ஷாப் என்று ஓட்டினால் எஞ்சின் போய்விடும். மஞ்சளில் எஞ்சின் படம் எரிந்தால் அது வேறு கோளாறு. ஸ்பேனரிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபோர்டு வண்டிகளில் மஞ்சள் ஸ்பேனர் சர்வீசை ஞாபகப்படுத்துவதல்ல, எஞ்சின், கியர் பக்கம் ஏதோ பழுது என்று சொல்வது. உங்களுக்கு ஸ்பேனரோடு சேர்ந்து சர்வீஸ் என்ற எழுத்தும் வருகிறது, வண்டி இழுப்பதிலும் குறையில்லை என்கிறீர்கள். அதனால் இது சர்வீஸ் நினைவூட்டல்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வண்டி என்ன என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள், அதனால் நான் கையாண்டவற்றைச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் சாவி ஆன் நிலை, ஆனால் எஞ்சின் ஓடக்கூடாது. ஹூண்டாயில் மீட்டர் நடுவே திரை இருந்தால் வேலை சுலபம். ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனால் யூசர் செட்டிங்ஸுக்குப் போய், சர்வீஸ் இன்டர்வல் என்பதைத் திறந்து ரீசெட் கொடுக்க வேண்டும். சில மாடலில் அந்த எழுத்து வரும்போது ஓகே பட்டனை அழுத்திப் பிடித்தாலே போதும். டொயோட்டாவில் ஓடோ (மொத்த கிலோமீட்டர்) அல்லது ட்ரிப் ஏ (ஒரு பயணத்தின் கிலோமீட்டர்) காட்டும்படி வைத்து, சாவியை அணைத்து, ட்ரிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே சாவியை ஆன் செய்ய வேண்டும். கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து பூஜ்யம் வரும்வரை விரலை எடுக்கக்கூடாது. பழைய ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் மீட்டரில் உள்ள 0.0 பட்டனை இதே மாதிரி பிடித்துக்கொண்டு சாவி போட வேண்டும், பிறகு மாடலுக்கு ஏற்றபடி இன்னொரு சின்ன அழுத்தல். அந்த வண்டிகளில் ஆயில் சர்வீஸ் ஒரு கணக்கு, இன்ஸ்பெக்‌ஷன் இன்னொரு கணக்கு. ஒன்றை அணைத்தும் மற்றது எரிந்தால் ரீசெட் ஆகவில்லை என்று நினைக்க வேண்டாம். ரெனோ டஸ்டரில் திரையில் சர்வீஸ் பக்கத்துக்குப் போய் ரீசெட் பட்டனைச் சுமார் 10 விநாடி பிடிக்க வேண்டும். ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவித்தது, ஆனால் வண்டிகள் இங்கே இன்னும் நிறைய ஓடுகின்றன. ஈக்கோஸ்போர்ட் மாதிரியானவற்றில் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒருசேர முழுக்க மிதித்து, ரீசெட் ஆனது என்று எழுத்து வரும்வரை அரை நிமிஷம்போல அப்படியே வைத்திருக்க வேண்டும். முதல் தடவை ஒருவர் இதைச் செய்து காட்டியபோது அவர் என்னைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பழைய மாருதி ஆல்டோ, வேகன் ஆர் மாதிரி வண்டிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, கதவோரம் ஒட்டும் ஸ்டிக்கர்தான் அவர்களுக்கு லைட்.

ஒரே கம்பெனியிலேயே வருடத்துக்கு வருடம் முறை மாறும். அதனால் நான் சொன்னதை மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் முரண்பட்டால் மேனுவல் சொல்வதே சரி. சில வண்டிகளில் பட்டன் முறையே இல்லை, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி போட்டுத்தான் அணைக்க வேண்டும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை நம்பி இறங்காதீர்கள். எஞ்சின் லைட்டுக்கான பழுதுக் குறியீடுகளை அது படிக்கும், அழிக்கவும் செய்யும். சர்வீஸ் கணக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் வைத்திருப்பது, பொதுவாக அதற்கு எட்டாது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணக்கு பெரும்பாலும் அழியாது. ஹூண்டாய் மேனுவலிலேயே, பேட்டரியைக் கழற்றினால் சர்வீசுக்கு மிச்சமுள்ள நாளும் கிலோமீட்டரும் தப்பாகக் காட்டலாம் என்று போட்டிருக்கிறது. அப்புறம் எது உண்மை என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

டீசல்காரர்களுக்கு இன்னொன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி செய்த டீசல்களில் புகையில் உள்ள கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் இருக்கிறது. வீட்டிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து வீடு என்று நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அந்த எரிப்பு பாதியில் நின்று, டீசல் ஆயிலில் கலந்து, அளவு மேல் குறியைத் தாண்டி ஏறும். சில வண்டிகள் இந்தக் கலப்புக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. மீட்டரில் ஸ்பேனரை அணைத்தாலும் எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள அந்தக் கணக்கு அப்படியே இருக்கும். அங்கே ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ரீசெட் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு தயக்கம் எப்போதும் உண்டு, அதற்கு ஒரு பழைய இன்னோவா காரணம். 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் டைமிங் பெல்ட் (எஞ்சினுக்குள் பாகங்களை ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பெல்ட்) மாற்ற நேரமானால் அதற்கென்றே தனி லைட் எரியும். அதையும் ட்ரிப் பட்டனை வைத்தே அணைக்கலாம். டூரிஸ்ட் டாக்சி ஓட்டும் ஒருவர் செகண்ட் ஹேண்டில் அந்த வண்டியை வாங்கினார். வாங்கும்போது மீட்டரில் ஒரு லைட்டும் இல்லை, அவரும் நிம்மதியாக ஓட்டினார். ஆரல்வாய்மொழி தாண்டும்போது பெல்ட் அறுந்து எஞ்சின் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது, வெடிப்பு விழுந்து எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய பெல்ட். யார் எப்போது லைட்டை அணைத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்தப் பெல்ட் துண்டு இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

கம்பெனி சர்வீசுக்கு அனுப்பவேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த லைட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். 2019 வண்டிக்கு நீட்டிப்பு வாங்கியிருந்தால் தவிர வாரண்டி முடிந்திருக்கும், நீட்டிப்பு இருந்தால் மட்டும் அதன் நிபந்தனையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் இல்லை என்று குறை சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். உதிரிப்பாகமும் இந்த மாதிரிக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருப்பதாகச் சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. எங்கள் பக்கம் இன்றைக்கும் பாதி நாள் யூகத்திலும் போன் விசாரிப்பிலும்தான் ஓடுகிறது.

ஆகவே அதே ஒர்க்‌ஷாப்புக்கே அப்பாவைப் போகச் சொல்லுங்கள். சண்டைக்கு அல்ல. "லைட்டை அணைக்க மறந்துட்டீங்க, அப்படியே பில்லில் ஆயில் கிரேடையும் எழுதிக் கொடுங்க" என்று கேட்டால் போதும். ஒழுங்காக வேலை செய்தவர் உடனே எழுதிக் கொடுப்பார். மழுப்பினால் அடுத்த வருடம் வேறு ஒர்க்‌ஷாப். அடுத்த வருடம் என்று சொல்வதும் காரணத்தோடுதான். உங்கள் வண்டி கிலோமீட்டர் கணக்கில் 10,000-ஐ எட்டப்போவதில்லை. ஆனால் எஞ்சின் சூடாவதற்குள் நிற்கிற இந்தச் சின்ன ஓட்டத்தில் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமில்லை, அதிலும் நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். வாரத்தில் ஒரு நாள் குளச்சல் வரைக்குமாவது, முடிந்தால் கன்னியாகுமரி வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போய்வரச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். போட்டோ வந்ததும் வண்டிப் பெயரோடு இங்கேயே போடுங்கள், பட்டன் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.